கழுவக்கூடாத கை

எங்கள் ஊர்க் கல்லுக்கோயிலைப் பற்றி யார் என்ன எழுதி வைத்திருந்தாலும் அதில் ஒரு கல் குறையும். குறைந்ததற்குக் காரணம் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கவும் சொல்லவில்லை. இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுத வரும். அதனால் மெதுவாகத்தான் சொல்லுவேன்.

இப்போதெல்லாம் கோயிலைப் பார்க்கக் காலேஜ் பிள்ளைகள் வருகிறார்கள். "இதைக் கட்டுனது யாருங்க?" என்று கேட்கிறார்கள். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாள் காலையில் நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்தக் கல்லின்மேல் இன்றைக்குச் சிமென்ட் பூசி, டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

எங்கள் ஊர் அரூரிலிருந்து தீர்த்தமலைக்குப் போகிற பக்கம், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. மலைக்குப் போகிற பஸ்ஸில் ஜனம் பிதுங்கும். எல்லோரும் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே போவார்கள். ஏரிக்கரைக்குக் கீழே கிடந்த எங்கள் கோயிலை ஒருவரும் திரும்பிப் பார்த்தது கிடையாது. நான் சிறுமியாக இருந்தபோது அது இடிந்து கிடந்தது. பெரிய கோயில் ஒன்று, அதன் முன்னால் தூண் வைத்த மண்டபம், பக்கத்தில் அம்மன் இல்லாத அம்மன் கோயில், புல்லுக்குள் வரிசையாக உட்கார்ந்த ஏழு கன்னிமார், புளியமரத்தடியில் வில்லும் கத்தியும் பிடித்த வீரர்களைச் செதுக்கிய கற்கள். அந்த வீரர்களெல்லாம் முழங்கால் வரை மண்ணில் புதைந்து நின்றார்கள். கருவறைக்குள் சாமி கிடையாது. எந்தக் காலத்தில் யார் எடுத்துப் போனார்களோ. வெளியே நந்தி மட்டும் உள்ளே ஆள் இருக்கிறது என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மண்டபத்தில், கிழக்கே பார்த்தபடி, ஆள் உயரத்துக்கு ஒரு பலகைக் கல் நட்டிருந்தது. மேலிருந்து கீழ் வரை எழுத்து. அந்த எழுத்தை எங்கள் ஊரில் யாரும் எழுத்தாக நினைத்ததில்லை. அந்தக் கல் எங்களுக்கு வேறொன்றுக்குப் பயன்பட்டது. பிழைப்புக்கு வெளியூர் போகிறவர்கள், போகிற அன்றைக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சிவப்பாக்கி, உள்ளங்கையில் பூசி அந்தக் கல்லில் கையைப் பதித்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் தங்கள் கையைத் தாங்களே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். அதுவரைக்கும் இன்னொருவர் கழுவக்கூடாது. கழுவிவிட்டால் போனவர்களுக்கு வழி தெரியாது, வரமாட்டார்கள்.

அந்தக் கல்லில் அப்போது ஏழெட்டுக் கைகள் இருந்தன. சிலது நிழல் மாதிரி மங்கிப்போய்விட்டது. பளிச்சென்று இருந்த ஒன்று என் அம்மாவின் கை.

மாசி மாதத்தில் அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். தம்பி பால்குடி என்பதால் அவனைத் தூக்கிக்கொண்டார்கள். எனக்கு ஒன்பது வயது. "நீ பெரியவ, மாமா வூட்ல இரு. ஆடிப் பதினெட்டுக்கு வந்துடறன்" என்றாள் அம்மா. தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டு, கொட்டாங்குச்சியில் குழைத்ததை வழித்துக் கையில் பூசி, என் தலைக்கு மேலே கல்லில் அழுத்தினாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. அப்பா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கத்தினார்.

ஆடி பதினெட்டு வந்தது, போனது. ஆவணியும் போனது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். நிலம் நீச்சு உள்ள வீடு. அத்தைக்குப் பிள்ளை இல்லை. அதிகம் பேசமாட்டாள், பேசினால் கத்தரித்த மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் சத்துணவு போட ஆரம்பித்த சமயம் அது. எல்லாப் பிள்ளைகளும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும். எனக்கும் ஆசைதான். "எங்க வூட்டுப் புள்ள ஊரான் சோத்துக்குத் தட்டு ஏந்தாது" என்று அத்தை சொல்லிவிட்டாள். சோற்றுக்குப் போகாத பள்ளிக்கூடத்துக்குப் படிக்க மட்டும் எதற்குப் போக வேண்டும் என்று மாமா கேட்டார். ஏழு ஆடுகளை என் கையில் கொடுத்தார்கள்.

காலையில் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போனால் பொழுது சாய்கிற வரை மனிதக் குரல் கேட்காது. வௌவால் சத்தம், தூரத்தில் பஸ் சத்தம், அவ்வளவுதான். கருவறைக்குள் தலையை நீட்டி "ஓய்" என்றால் அதுவும் "ஓய்" என்னும். "சாப்டியா" என்றால் "சாப்டியா" என்னும். கேட்டதையே திருப்பிக் கேட்கிற ஆளோடு எத்தனை நாள் பேசுவது? காலை வெயில் நேராக அம்மாவின் கைமேல் விழும். கல் சூடாகும். கால் விரலால் எம்பி நின்று அதில் என் கையை வைத்துக்கொள்வேன். என் கை அந்தக் கைக்குள்ளே அடங்கிவிடும். சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு தெரியும். அது தெரிகிறதா என்று தினமும் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் ஏரியில் குதிக்க வருவார்கள். "ஏ, உங்கம்மா பெங்களூர்ல வேற புள்ள வாங்கிட்டாங்களாம்" என்று கரையிலிருந்து கத்துவார்கள். நான் ஆடுகளை எண்ணுகிற மாதிரி திரும்பிக்கொள்வேன்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கண்ணாடி போட்டவர், அரசாங்கத்து ஆபீசர். இன்னொருவர் வயதானவர், வாயில் வெற்றிலை, கையில் வாளி, தோளில் சுருட்டிய காகிதம், விரல்களெல்லாம் கரிய மை. என்னைப் பார்த்ததும் கண்ணாடிக்காரர் கேட்டார்.

"பாப்பா, இங்க எழுத்து இருக்கிற கல்லு எங்கெங்க இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

என்னிடம் ஒருவர் ஒன்றைக் கேட்டு ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. "ஆட்டை ஓட்டு", "எங்கடி போன" என்பதெல்லாம் கேள்வி இல்லை. இவர் கேட்டது கேள்வி. எனக்கு மட்டும் பதில் தெரிந்த கேள்வி. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். அம்மன் கோயில் படியில் ஒன்று, மதகுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது ஒன்று, புளியமரத்தடியில் மூன்று, கள்ளிக்குள்ளே பாதி உடைந்தது ஒன்று. எல்லாவற்றையும் காட்டினேன். கடைசியாக, இருப்பதில் பெரியதைக் காட்டிப் பெயர் வாங்க வேண்டும் என்று, மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகைக் கல்லையும் காட்டினேன்.

கண்ணாடிக்காரர் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். விரலால் எழுத்தைத் தடவிக்கொண்டே போனார். "அண்ணே, இதுதான். மத்ததெல்லாம் உடைஞ்சு கெடக்குது. இது முழுசா இருக்குது. ஏரி வெட்டினது, கோயில் கட்டினது, எல்லாம் இதுலதான் இருக்கும்" என்றார்.

"மேலயெல்லாம் கை அப்பி வெச்சிருக்காங்களே" என்றார் மைக்காரர்.

"கடைசியா எடுத்துக்கலாம். பெரிய காகிதம் வேணும்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவர் தேடி வந்த கல் என் அம்மா கை வைத்த கல்!

அன்றைக்குப் புளியமரத்தடியில் வேலை நடந்தது. நான் ஆட்டை ஒரு கண்ணாலும் அவர்களை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். கண்ணாடிக்காரர் ஒரு கல்லைப் படித்துவிட்டு, மாட்டைப் பிடித்துப் போனவர்களோடு சண்டை போட்டு மீட்டு வந்து செத்துப்போனவனுக்கு நட்டது என்றார். இன்னொன்றில் கோயிலுக்கு விளக்கு எரிய யாரோ ஆடு கொடுத்திருந்தார்களாம். தொண்ணூறு ஆடு. சாகாத, கிழடாகாத ஆடு என்று எழுதியிருக்கிறதாம்.

"சாகாத ஆடு ஏதுங்க?" என்றேன். "எங்க கெடாய்க்கு நேத்திக்கே வவுறு ஊதிக்கிச்சு."

மைக்காரர் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார். "அப்படிக் கேளு. செத்தா அதுக்குப் பதிலா குட்டியை விட்டு எண்ணிக்கை குறையாம பாத்துக்கணும், புள்ள. எண்ணிக்கை சாகாது. ஆடு சாகும்."

"அத்தனையும் யாரு மேச்சாங்க?"

கண்ணாடிக்காரர் மறுபடியும் கல்லைப் பார்த்தார். "அது எழுதலை" என்றார்.

மறுநாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஏரியிலிருந்து குடத்தில் மொண்டு வருவேன். அப்போதுதான் அவர்கள் வேலை செய்கிற விதத்தைக் கிட்ட நின்று பார்த்தேன். முதலில் கல்லின்மேல் தண்ணீர் ஊற்றி, முரட்டுப் பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். பாசி, எண்ணெய், மஞ்சள், குங்குமம் எல்லாம் கரைந்து ஓடி, கல் குளித்த மாதிரி ஆகும். அதன்மேல் நனைத்த காகிதத்தை ஒட்டி, இன்னொரு பிரஷ்ஷால் தட்டுவார்கள். தட்டத் தட்டக் காகிதம் எழுத்துக்குள் இறங்கும். பிறகு துணிப் பந்தை மையில் தோய்த்துக் காகிதத்தின்மேல் ஒற்றி ஒற்றி எடுத்தால், சுற்றிலும் கறுப்பு, எழுத்து மட்டும் வெள்ளை. உரித்துக் காயப்போடுவார்கள். அதைப் பார்க்க அவ்வளவு அழகு.

மூன்றாவது குடம் கொண்டு வரும்போது, அம்மன் கோயில் படியில் யாரோ வேண்டுதலுக்கு வைத்த மஞ்சள் பட்டையை மைக்காரர் தேய்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் தண்ணீர் படியிலிருந்து இறங்கி என் காலடிக்கு வந்தது. குடத்தை அப்படியே வைத்தேன்.

"எல்லாக் கல்லையும் இப்படித்தான் கழுவுவீங்களா?"

"கழுவாம எப்படி எழுத்துத் தெரியும்? நாளைக்குக் காலைல மண்டபத்துக் கல்லு. அதுக்கு நாலு குடம் கொண்டா. அதுல அழுக்கு சாஸ்தி" என்றார்.

அழுக்கு என்றார். அன்று சாயங்காலம் அத்தை களி கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அத்தை, தெரியாம கழுவிட்டாலும் வரமாட்டாங்களா?"

"என்னா கழுவிட்டா?"

"கல்லுல இருக்கற கையை."

அத்தையின் துடுப்பு ஒரு சுற்று நின்றது. "யாரு கழுவறாங்க?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். காட்டிக்கொடுத்தது நான்தானே. அவள் களியை உருட்டித் தட்டில் வைத்தாள். "களி ஆறுது. உக்காரு" என்றாள்.

விடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய், அவர்கள் வருவதற்கு முன்னால் பலகைக் கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். அம்மாவின் கை என் தலைக்கு மேலே இருந்தது.

முதலில் மைக்காரர் வந்தார். "தண்ணி எங்க புள்ள?" என்றார்.  "எந்திரி, ராத்திரி பஸ்ஸுக்கு நாங்க ஊருக்குப் போவணும்" என்றார். நான் அசையவில்லை. கண்ணாடிக்காரர் வந்து, பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய் எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன், ஆனால் எழுந்திருக்கவில்லை. இப்படியே பொழுது ஏறியது. மைக்காரர் ஊருக்குள் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதலில் வந்தவர் மணியக்காரர். ஊர் மணியம் பார்க்கிற வேலையை அரசாங்கம் எடுத்துவிட்டது, ஆனாலும் நாங்கள் மணியக்காரர் என்றுதான் கூப்பிட்டோம். அவர் பின்னால் மாமா. அவர்கள் பின்னால் வேலை இல்லாதவர்கள் எல்லோரும்.

"எந்திரிடி" என்றார் மாமா. "கெவுருமெண்டு ஆளுங்க முன்னால மானத்த வாங்கற."

"மாட்டேன். அம்மா கை இருக்குது."

"என்ன கை?" என்று கண்ணாடிக்காரர் மாமாவைக் கேட்டார். மாமா கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு, வழக்கத்தைப் பாதி சொன்னார், பாதியை விழுங்கினார். படித்தவர் முன்னால் அதைச் சொல்ல அவருக்கு வெட்கம்.

"அவ்வளவுதானா? கழுவி எழுத்தை எடுத்துட்டு நாங்க போயிடறோம். அப்புறம் நீங்க மறுபடி வெச்சுக்குங்க" என்றார் கண்ணாடிக்காரர். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"யாரு வெக்கறது?" என்று நான் கத்தினேன். "அவங்க பெங்களூர்ல இருக்காங்க!"

மாமா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் கல்லின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை வந்தாள். காட்டிலிருந்து நேரே வந்திருக்கிறாள், முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள், காலெல்லாம் சேறு. "கையை வுடுங்க" என்றாள். மாமா விட்டுவிட்டார். பிறகு ஆபீசரைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இது பொம்பளைங்க கும்பிடற கல்லுங்க. ஆம்பளை கை பட்டா ஏரி நிக்காதுங்க."

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்படி ஒரு சங்கதியை ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அத்தை ஒரு படி நெல்லில்கூடப் பொய் சொல்லாதவள் என்று பெயர் வாங்கியவள்.

கண்ணாடிக்காரர் கல்லைப் பார்த்தார். "ஏம்மா, இதுல இருக்கிற கையெல்லாம்?"

"எல்லாம் பொம்பளைங்க கைங்க."

அதில் ஒரு கை முறம் மாதிரி இருந்தது. மணியக்காரரின் மகன் கை. கோலார் பக்கம் போய் ஆறு வருஷமாகத் திரும்பாதவன். கண்ணாடிக்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மணியக்காரரைத் திரும்பிப் பார்த்து, "அப்படிங்களா பெரியவரே?" என்றார்.

மணியக்காரர் மண்டபத்துக் கூரையைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். "ஆமாங்க சார்," என்றார். "போன தபா யாரோ தொட்டுட்டுக் கரை ஒடைஞ்சுதுங்க." சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கூட்டத்தில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்து போனவர்களின் கை அந்தக் கல்லில் இருந்தது.

கண்ணாடிக்காரர் பையைக் கீழே வைத்தார். கிட்டே வந்து, தொடாமல், கண்ணாலேயே படிக்கப் பார்த்தார். முதல் வரியில் இரண்டு சொல் படித்தார். மூன்றாவது சொல் மணியக்காரர் மகனின் கட்டை விரலுக்கு அடியில் போய்விட்டது. "கட்டினவன் பேரு இங்கதான் இருக்கணும், அண்ணே" என்று மைக்காரரிடம் சொன்னார்.  பையை மாட்டிக்கொண்டு, "இன்னொரு தடவை வரேன்" என்று அத்தையிடம் சொன்னார். அவர் வரவே இல்லை. எந்த ஊருக்கு மாற்றினார்களோ.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மாமா அத்தையைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார். "ஏரி நிக்காதாம்ல! சின்ன வயசுல அந்தக் கல்லுலதான் நாங்க அருவா தீட்டுவோம். ஏரி நின்னுட்டுத்தான இருக்குது?"

"உங்க தங்கச்சி வந்து சேரட்டும், அப்புறம் நீங்களே கழுவுங்க, நீங்களே தீட்டுங்க" என்றாள் அத்தை. என்னை அவள் திட்டவும் இல்லை, தொடவும் இல்லை.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஐப்பசி பிறந்து ஒரு வாரத்தில் கீழ்க்காற்றோடு மழை பிடித்தது. அதுவரைக்கும் பெய்த மழையெல்லாம் மேற்கிலிருந்து வந்தது. கோயில் முதுகில் வாங்கிக்கொண்டது. இந்த மழை கிழக்கிலிருந்து நேராக மண்டபத்துக்குள் அடித்தது. பத்து வருஷமாக அப்படி ஒரு மழை இல்லை என்றார்கள். மூன்று நாள் ஆடுகளை வெளியே விடவில்லை. நான்காம் நாள் போய்ப் பார்த்தேன். அம்மாவின் கை இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு, எழுத்துக்களின் வழியாக இறங்கித் தரைக்கு வந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சாரல் வந்து அதையும் கொண்டுபோனது.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். சோறு வேண்டாம் என்றேன். என்ன என்று கேட்டுக் கேட்டு, அத்தை விஷயத்தை வாங்கிவிட்டாள்.

"மனுசங்க கழுவுனாத்தான் குத்தம்" என்றாள். "மழை கழுவுனா ஒண்ணுமில்ல."

"யாரு சொன்னாங்க?"

"நான் சொல்றேன்."

பொம்பளைகள் கல் என்று சொன்னவள்தானே இவள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு நாள் அப்படியே கிடந்தேன்.

அவ்வளவு அழுதேனே, அதற்கு இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். அம்மா வந்தது அடுத்த வருஷம் தை மாதத்தில். மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், "எங்க வெச்ச, காட்டு" என்றேன். அவளுக்கு நினைவே இல்லை. "இங்க எங்கியோ" என்று கல்லின் அடியைக் காட்டிச் சிரித்தாள். சிமென்ட் தின்று அவள் கை வெளுத்து, தோல் உரிந்து கிடந்தது. அது பிறகு.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. அத்தை, "ஆடு கத்துது, போ" என்று எழுப்பி அனுப்பினாள். மண்டபத்துப் படியில் கால் வைக்கும்போதே தெரிந்துவிட்டது. கல்லில் சிவப்பாக ஒரு கை. அதே இடத்தில். ஈரம்கூடச் சரியாகக் காயவில்லை.

"அம்மா!" என்று கத்தினேன். கருவறைக்குள் ஓடினேன். அம்மன் கோயிலைச் சுற்றி ஓடினேன். புளியமரத்தடியில் ஒவ்வொரு கல்லின் பின்னாலும் பார்த்தேன். ஒளிந்துகொண்டு விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். மறுபடியும் கருவறை வாசலுக்கு வந்து அம்மா என்றேன். அதுவும் அம்மா என்றது. வேறு ஒருவரும் இல்லை.

பிறகுதான் போய் எம்பி, என் கையை அதில் வைத்தேன். அம்மாவின் கையில் ஒரு விரல் அகலம்தான் சிவப்பு மிஞ்சும். இதில் இரண்டு விரல் அகலம் மிஞ்சியது. உள்ளங்கை அகலமாக, விரல்கள் தடித்து, மண்வெட்டி பிடித்த கை மாதிரி இருந்தது. அம்மா கை இல்லை.

எனக்கு உடனே அந்தப் பையன்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களில் எவனோ பெரிய பையன் கை வைத்து என்னை ஏமாற்றியிருக்கிறான். இந்நேரம் ஊருக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பான். ஊரைவிட்டுப் போகாதவர்கள் சிவப்பைப் பூசி அந்தக் கல்லில் கை பதித்தால் சீக்கிரம் போக வேண்டி வரும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. போவது என்றால் பெங்களூருக்கு மட்டும் இல்லை, சுடுகாட்டுக்கும்தான். பயந்துகொண்டு விளையாட்டுக்குக்கூட யாரும் வைக்கமாட்டார்கள். என்னை அழவைப்பதற்காக அந்தப் பயத்தைக்கூட விட்டுவிட்டான் பார் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். மணலை அள்ளி, தேங்காய் நாரால் தேய்த்தேன். அந்த இரண்டு பேரும் செய்ததைப் பார்த்துப் பழகிய கைதானே, அதே மாதிரி மேலிருந்து கீழாகத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு என் பாவாடையில் வழிந்தது. அழுதுகொண்டே, வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டே தேய்த்தேன். "வராமப் போ, செத்துப் போ, திரும்பி வராத" என்று அந்தக் கையைத் திட்டினேன்.

நிமிர்ந்தபோது அந்த இடம் கறுப்பாக, மின்னிக்கொண்டு, சுத்தமாக இருந்தது. உழவு சால் மாதிரி எழுத்துக்கள் ஒவ்வொன்றும் எழுந்து நின்றன. கண்ணாடிக்காரர் பார்த்திருந்தால் ஆடிப்பாடியிருப்பார். அந்த எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியாது.

திரும்பினேன். மண்டபத்துப் படிக்குக் கீழே அத்தை நின்றுகொண்டிருந்தாள். தலையில் புல்லுக்கட்டு. எப்போது வந்தாள் என்று தெரியாது. நான் திட்டினதையெல்லாம் கேட்டிருப்பாள் என்று தோன்றியது. கெட்ட வார்த்தை பேசினதற்கு அடிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"எந்த நாயோ பொய்க் கை வெச்சிருந்துச்சு அத்தை. அழிச்சிட்டேன்" என்றேன்.

அவள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"எழுத்து நல்லாத் தெரியுது" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். புல்லுக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை. அருவாள் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் களி உருண்டையைத் தட்டில் வைக்கும்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். காயம் எதுவும் இல்லை. நகக்கண்ணிலும் ரேகையிலும் சிவப்பு ஏறியிருந்தது. எங்கேயோ மருதாணி அரைத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஒரு பொட்டுக்கூட வைத்துவிடவில்லை. சொந்தப் பிள்ளையாக இருந்தால் வைக்காமல் இருப்பாளா என்று நினைத்து, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவளோடு மூன்று நாள் பேசாமல் இருந்தேன்.